படத்தில் உள்ளபடி

அன்று காலை ஜன்னலைத் திறந்தபோது வெளியே நின்ற மரத்தில் ஒரு கிளை குறைந்திருந்தது. ஓவியன் முதலில் தன் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டான். கழற்றி, துடைத்து, மாட்டிப் பார்த்தான். கண்ணாடி யோக்கியமானதுதான். கிளைதான் இல்லை. வெட்டிய இடம் ஈரமாக, எலும்பு நிறத்தில் இருந்தது.

கீழே பண்ணைக்காரர் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருந்துச்சு, ஏண்ணே வெட்டிட்டீங்க?"

"உங்க படத்துல இல்லையே தம்பி."

உண்மைதான். வானத்துக்கு இடம் வேண்டுமென்று அந்தக் கிளையை அவன்தான் விட்டிருந்தான். சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் வேடிக்கை பேசுவதற்கு ஒரு முகம் வேண்டும், மனிதருக்கு அது வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஓவியர்கள் வந்து தங்கி வரைவதற்கென்றே அந்தப் பண்ணையில் தொழுவத்துக்கு மேலே ஓர் அறை விட்டிருந்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, அள்ள அள்ளக் குறையாத வெளிச்சம், பலகைச் சந்து வழியே ஏறிவரும் வைக்கோல் வாசனை, அதற்குக் கீழே இரவும் பகலும் மாடுகள் அசைபோடும் மெத்தென்ற சத்தம். கிளம்பும்போது பண்ணையைப் படமாக வரைந்து கொடுத்தால் போதும். பண்ணைக்காரரின் மனைவியை அக்கா என்று கூப்பிட்டான். "உங்களையும் பிரஷ்ஷையும் பக்கத்துல நிறுத்தினா எது எதுன்னு தெரியலையே தம்பி" என்று சொல்லிச் சொல்லி, அவன் தட்டை இரண்டாவது தடவையும் நிரப்புவாள். "என்னையும் படத்துல ஒரு ஓரமா சொருகிடுங்க" என்றும் கேட்டிருந்தாள். சொருகியிருந்தான்.

மறுநாள் பண்ணை நாய் மாடியேறி வந்து அவன் காலில் உரசியது. பின்புறம் துணிக்கட்டு. வாலை ஆட்டத்தான் பார்த்தது. கட்டு மட்டும் அசைந்தது.

பின்னாலேயே பண்ணைக்காரர் வந்தார்.

"அண்ணே, என்ன இது? வால் இருக்குண்ணே! வேலிக்குப் பின்னால மறைஞ்சிருக்கு!"

அவர் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "எங்க? காட்டுங்க."

காட்ட முடியவில்லை. கேன்வாஸைத் திருப்பிப் பார்த்தாலும் அங்கே வால் இருக்கப்போவதில்லை.

"நீங்க படிச்சவங்க, பார்த்துப் பார்த்துப் போட்டிருப்பீங்க. நாங்கதான் இத்தனை வருஷமா எல்லாத்தையும் கண்டபடி வச்சிருந்தோம்." அவர் விரல் நகர்ந்து, படத்தின் ஓரத்தில் வயலைப் பார்த்து நிற்கும் உருவத்தில் நின்றது. "இது நம்ம வீட்டுக்காரிதானே?"

"ஆமாண்ணே."

"அழகா இருக்கா."

படியிறங்கிப் போனார். நாயும் போனது. அதற்குப் பிறகுதான் ஓவியன் அந்த உருவத்தைப் பார்த்தான்.

பக்கவாட்டு முகம். ஒரு காது. ஒரு கண்.

ஜன்னலுக்கு ஓடினான். "அண்ணே! அக்காவை ஒரு பக்கமாத்தான் வரைஞ்சிருக்கேன்! அந்தப் பக்கமும் கண்ணு இருக்கு!"

"சரி தம்பி," என்றது சமையலறைக்குள்ளிருந்து அவர் குரல். "நீங்க உங்க வேலையப் பாருங்க."

அந்த மனிதரிடம் வாய் செல்லாது. படம்தான் செல்லும். முகத்தைச் சுரண்டினான். டர்பன்டைன் நெடி கண்ணில் ஏறியது. தோல் நிறத்தைக் குழைத்து நேர்முகமாகப் பூசினான். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் ஊற்றும் சத்தம். சாணைக்கல்லில் இரும்பு போய்வரும் சத்தம். அக்கா எதற்கோ சிரித்தாள். பிறகு நாற்காலி இழுபட்டது.

இரண்டு காது. வலது கண்.

மாடுகள் அசைபோடுவதை நிறுத்தியிருந்தன.

இடது கண். கறுப்பு. நடுவில் வெள்ளைப் புள்ளி. போதும்.

ஈரப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

சமையலறையில் அக்கா பக்கவாட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கக் கண் இமைத்தது. காது சிவந்திருந்தது. அவனுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, பாருங்க! ரெண்டு கண்ணு! ரெண்டு!"

பண்ணைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார். படத்தை. மனைவியை. மறுபடி படத்தை. முகம் வாடிப்போயிற்று.

"மாத்திட்டீங்களா? முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?"

எங்கோ சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

அவர் விளக்கை ஏற்றினார். அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். கடையில் துணிக்கு நூல் ஒத்துப்பார்ப்பவரைப் போல, படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கறுப்புதான்," என்றார் நிம்மதியாக.

கதவுப் பக்கம் நாய் படுத்திருந்தது.

"உக்காருங்க தம்பி," என்றாள் அக்கா. "இவருக்கு நல்ல கை. வலிக்கவே வலிக்காது."

அப்போதுதான் முழுசாகத் திரும்பி, அவனைப் பார்த்து, மீதியிருந்த முகத்தால் சிரித்தாள்.