சீதனமாய்ப் போன காயிதா

முப்பத்தெட்டாம் நாள் மதியம், சும்மா இருக்க வேண்டிய டக்கா தானாக முனகியது.

காயிதா என்பது தபலா ஜோடியில் வாசிக்கும் ஓர் உருப்படி; அதற்கு இரண்டு பாதி. முதல் பாதியில் வலப்பக்கத்துத் தபலாவும் இடப்பக்கத்து டக்காவும் சேர்ந்து பேசும். இரண்டாம் பாதியில் டக்கா அடங்கிவிட, அதே சொற்களைத் தபலா மட்டும் வெறுமையாகச் சொல்லிப் போகும். இஷ்தியாக் ஹுசைனுக்கு இது ஆறு வயதிலிருந்து கைவந்த பழக்கம். இப்போதும் அவருடைய இடக்கை தொடைமேல்தான் கிடந்தது. ஆனாலும் டக்காவின் செப்புக் குடத்து அடிவயிற்றிலிருந்து 'ஊம்' என்று ஒரு சத்தம் எழுந்து, தோலை அதிரவைத்து, தரைவழியாக அவருடைய முழங்காலுக்கு வந்து சேர்ந்தது.

வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டார். லக்னோவின் ஜூன் மாத அனல்காற்று தோலையும் இழுக்கும், மூளையையும் இழுக்கும். ஜன்னலில் கட்டிய வெட்டிவேர்த் தட்டிமேல் அவருடைய மனைவி ஷாயிஸ்தா வெளியே இருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஈரவேரும் விரலுக்குப் பூசும் முகப்பவுடரும் முப்பத்தெட்டு நாள் வியர்வையும் கலந்த வாடையில் அறை பாதி இருட்டாகக் கிடந்தது.

"என்னம்மா, உன் வீட்டுக்காரர் இன்னும் அடைகாக்கறாரா? குஞ்சு பொரிக்குமா பொரிக்காதா?" என்று பக்கத்து வீட்டுக் கம்மோ சாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பது உள்ளே கேட்டது.

"இன்னும் ரெண்டே நாள் சாச்சி. மெதுவாப் பேசுங்க, காதுல விழுந்தா என்னைத்தான் கொல்லுவாரு."

அவள் சொன்னதில் பொய்யில்லை. நாற்பது நாள் ஒரே அறையில் ஒரே காயிதாவைச் சாதகம் செய்வதற்குச் சில்லா என்று பெயர். கதவுக்கு வெளிப்பக்கம் சங்கிலி. கை ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் சாப்பாட்டுத் தட்டு உள்ளே வரும். வாசிப்பு நடக்கும்போது கதவைத் திறந்தால் சில்லா முறிந்தது. பத்தாம் நாள் அவர் வாசித்துக்கொண்டே ஏதோ கத்தப்போக, ஷாயிஸ்தா பதறிக் கதவைத் திறந்துவிட்டாள். பளார் என்று ஓர் அறை. "நான் கத்தினாலும், கெஞ்சினாலும், அழுதாலும் திறக்காதே. சில்லாவுல புத்தி பேதலிக்கும். கை நிக்கிற வரைக்கும் சங்கிலியத் தொட்டே, அன்னைக்கே உனக்குத் தலாக்" என்று சொல்லிவிட்டு அவர் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினார்.

நாற்பது முடிந்த மறுநாள் அவருடைய அப்பாவின் நினைவு நாள். அன்று உஸ்தாதுகள் கூடி, குடும்ப வித்தைக்குத் தலைவர் என்ற தலைப்பாகையை அவருக்குக் கட்டுவார்கள், அல்லது சித்தப்பா மகன் முனவ்வருக்குக் கட்டுவார்கள். முனவ்வரின் கை நல்ல கை. அதை மிஞ்ச வேண்டுமானால் வேறு எவரிடமும் இல்லாத உருப்படி ஒன்று வேண்டும். அது இஷ்தியாக்கிடம் இருந்தது; இந்தச் சில்லாவில் அவர் வாசிப்பதும் அதைத்தான். ஆனால் அது அவருடையது இல்லை.

இந்தக் குடும்பங்களில் பெண்ணோடு நகை, பாத்திரம் போவதுபோல ஒரு காயிதாவும் சீதனமாகப் போகும். போனது போனதுதான். கொடுத்த வீட்டுக் கை அதைத் திரும்பத் தொடக்கூடாது. தங்கை நௌஷாபாவை பரேலிக்குக் கட்டிக்கொடுத்தபோது அப்பா இதைத்தான் எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை ஸஃப்தருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை இஷ்தியாக்குக்கு வந்தது. வயிறு எரிந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தார், முடிப்பைத் தவிர. காயிதாவை முடிக்க ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசிப்பார்கள். மூன்றாம் தரத்தின் கடைசி 'தா' தாளத்தின் முதல் அடியில் போய் விழ வேண்டும். அந்த ஓர் அடியை அவர் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஸஃப்தர் முதல் சபையிலேயே ஓர் அடி முன்னால் வழுக்கி விழுந்தான். "மாமனார் வீட்டுல ஓட்டைப் பாத்திரமா பாத்துக் குடுத்திருக்காங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, சபையே சிரித்ததாம். அன்று அவன் வீடு திரும்பி, நௌஷாபாவின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

துப்பட்டாவில் சுற்றிய கைகளோடு அவள் இங்கே வந்து நின்றாள். "பாய்ஜான், அந்தக் கடைசி அடி எங்கே? என்கிட்ட சொல்லு, நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன். அது இல்லாம என்னை வாழவிட மாட்டாங்க."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். உன் புருஷனுக்கு வாசிக்க வரல, அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார் இஷ்தியாக்.

அவள் திரும்பிப் போனாள். மாதம் முடிவதற்குள் செத்தும் போனாள். இப்போது ஸஃப்தரும் இல்லை, அப்பாவும் இல்லை. கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

டக்கா மறுபடி முனகியது.

இஷ்தியாக் முதல் பல்ட்டாவுக்குப் போனார், அதாவது காயிதாவின் சொற்களையே புரட்டிப்போட்ட முதல் மாற்றத்துக்கு. அவர் அதை முடித்து மூச்சு விடுவதற்குள் அறையில் இரண்டாவது பல்ட்டா கேட்டது. தோலில் விழும் சத்தமாக இல்லை. துணியில், முழங்கால்மேல், மெத்துமெத்தென்று விழும் விரல்களின் சத்தம். பெண்பிள்ளை என்று தபலாவைத் தொடவிடாததால் நௌஷாபா அப்படித்தான் வாசிப்பாள், அடுப்படியில் உட்கார்ந்து, ரொட்டி வேகும்வரை. ஒவ்வொரு பல்ட்டாவும் அவருக்கு வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவளுக்கு வந்துவிடும். அதை அவர் என்றைக்கும் மன்னித்ததில்லை.

ஆனால் இந்த வாசிப்பில் நடுநடுவே ஓட்டை இருந்தது. மடங்காத விரல்கள் விழவேண்டிய இடங்களில் சத்தம் இல்லை.

எழுந்துவிடலாம் என்று நினைத்தார். கை எழவில்லை. கை மூன்றாவது பல்ட்டாவை வாசித்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடங்கவில்லை.

தோளுக்குப் பின்னால் யாரோ உட்காரும்போது துணி சரசரத்தது. அப்புறம் இரண்டு மணிக்கட்டுகளையும் எதுவோ பிடித்தது. ஈரவேர் போலக் குளிர்ச்சி. விரல்கள்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பிய விரல்கள்.

"பாய்ஜான்," என்று காதருகே மூச்சுப் பட்டது. "முடி, பார்க்கலாம்."

முடித்தால் விட்டுவிடுவாள். அவருக்கு அது புரிந்தது. பயத்தில் வேகத்தைக் கூட்டி முடிப்புக்குப் போனார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம், கடைசி 'தா'.

கை தோலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அடி விழவில்லை. தாளம் அதைத் தாண்டிப் போய்விட்டது.

மறுபடி முதலிலிருந்து. பல்ட்டா. பல்ட்டா. முடிப்பு. கை நின்றது. மறுபடி.

"ஷாயிஸ்தா!"

வெளியே தண்ணீர் தெளிக்கும் சத்தம் நின்றது.

"ஷாயிஸ்தா, திற! அல்லா மேல ஆணை, திற!"

சங்கிலியருகே வளையல் ஒரு தரம் குலுங்கியது. அப்புறம் விலகியது.

"கத்தறாரேம்மா," என்றாள் கம்மோ சாச்சி.

"கத்தத்தான் செய்வேன்னு முன்னாடியே சொல்லியிருக்காரு. கை நிக்கல பாருங்க. நிக்காம நான் திறக்க மாட்டேன், ஒரு தரம் வாங்கினது போதும்."

வெயில் சாய்ந்தது. தட்டி காய்ந்தது. வேகம் இரண்டு மடங்கானது, நான்கு மடங்கானது. முதலில் நகங்கள் போயின. வெள்ளைத் தோல் ஈரமானது, வழவழத்தது, சத்தம் மங்கியது. அவர் அழுதார். பேரம் பேசினார். தலைப்பாகை வேண்டாம் என்றார். கடைசி அடியைச் சொல்லிவிடுகிறேன் என்றார், வாயால் சொல்லியும் காட்டினார். தொண்டை வறண்டு குரல் அடைத்துப்போனது. மணிக்கட்டில் பிடி தளரவில்லை.

பிறகு மங்கிய சத்தம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கூழாங்கல் விழுவதுபோல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. இஷ்தியாக் குனிந்து பார்த்தார். விரல்நுனிகளில் இனிச் சதை இல்லை. வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்த எலும்புகள், சிவந்த தோலின்மேல், பிசகில்லாமல் காயிதாவை வாசித்துக்கொண்டிருந்தன.

"கேட்டீங்களா சாச்சி?" என்றாள் ஷாயிஸ்தா கதவுக்கு வெளியே, பூரித்துப்போய். "இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் அவரு கை இவ்வளவு சுத்தமாப் பேசுது."