மலை ஏற நாலு டயர்

"இந்த சைஸ் ஸ்டாக் இல்லைங்க. வர பத்து நாள் ஆகும்."

டயர்க் கடைக்காரன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். வெளியே மழை. வாசலில் அவளுடைய அப்பா விட்டுச்சென்ற பெரிய எஸ்யூவி நின்றது. நான்கு டயர்களும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு, மலை மேலிருக்கும் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். அங்கே பஸ் போகாது. அவள் வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. தலையை மட்டும் உயர்த்தினாள். மேல்தட்டில் புது டயர்கள். ஓரத்தில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன... 265/65 R17.

"அது என் வண்டி சைஸ்தானே?"

"அது... வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சது."

"யாருக்கு?"

அவன் காதுகள் சிவந்தன. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி ஒட்டிய இமைகள்... கோபத்தில் சிமிட்ட மறந்த கண்கள். அதற்கு மேல் அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"உங்க அண்ணன் போன் பண்ணார். தங்கச்சி அப்பா வண்டியை எடுத்துட்டு வந்தா டயர் இல்லைன்னு சொல்லிடுன்னார். நீங்க தனியா மலைக்குப் போறது அவருக்குப் பிடிக்கலையாம். அவரோட ஆறு லாரிக்கும் எங்க கடைதான்... அதான்."

"அப்போ நீங்க டயர் விக்கலை. அண்ணன் பேச்சை விக்கிறீங்க."

அவன் ஏணியில் ஏறி ஒரு டயரை இறக்கி அவள் முன்னால் வைத்தான்.

"இது வேணாம். ரப்பர் பட்டன் பெரிசா இருக்கிற சேத்து டயர் குடுங்க."

"வேணாங்க. மலை ரோடு முக்கால்வாசி தார். அந்த டயர் ஈரத் தாருல வழுக்கும். கடைசி ரெண்டு கிலோமீட்டர் சேத்துக்காக வழியெல்லாம் பயந்துக்கிட்டே ஓட்டணுமா? ரெண்டுக்கும் இதுதான் சரி."

"இதுவும் அண்ணன் சொன்னதா?"

"இல்ல... இது நான் சொல்றது."

அவள் குனிந்து ரப்பரை நகத்தால் அழுத்தினாள். ஓரத்தில் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் படித்தாள். இந்த வருடம், பதினெட்டாவது வாரம்.

"தயாரிச்ச தேதி பார்த்து வாங்குற முதல் கஸ்டமர் நீங்கதான்."

"எடுத்த எடுப்புலயே பொய் சொன்ன கடையாச்சே..."

அவன் சிரித்துவிட்டான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். 'சிரிக்காதே... வந்த வேலையைப் பார்!'

வண்டியைப் பின்பக்கமாக எடுத்து, ஒரே முயற்சியில் லிஃப்ட்டில் ஏற்றினாள். மூன்றாவது சக்கரம் மாட்டும்போது அவன் போன் அடித்தது. கை முழுக்கக் கரி. ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னப்பா, திருப்பி அனுப்பிட்டியா?" அண்ணனின் குரல்.

அவன் அவளைப் பார்த்தான்.

"இல்லண்ணே. டயர் மாட்டிக்கிட்டு இருக்கேன். லிஃப்ட்ல ஒரே தடவையில ரிவர்ஸ் எடுத்து ஏத்தினாங்கண்ணே... நானே ரெண்டு தடவை எடுப்பேன்."

"இனிமே என் லாரி உன் வாசலை மிதிக்காது!"

"சரிண்ணே."

அவள் போனருகே வந்தாள். "அண்ணா, நான் போறேன். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடறேன்."

மறுமுனையில் குரல் இறங்கியது... "பார்த்துப் போ" என்று மட்டும் கேட்டது.

கடைசி நட்டை இறுக்கியபோது மழை விட்டிருந்தது.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டைத் திரும்ப இறுக்கணும். ஞாயித்துக்கிழமை நான் வேணா மேல வந்து..."

"ஸ்பேனர் இருக்கு. நானே இறுக்கிப்பேன்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு வரணும்?"

கையிலிருந்த கரியை அவன் துணியில் துடைத்தான். அது போகவில்லை. மறுபடியும் துடைத்தான்.

"உங்களைப் பார்க்க... பிடிச்சிருக்குங்க. உங்களை."

அவள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடியை இறக்கி, சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க. நட்டை நான் சனிக்கிழமையே இறுக்கி வெச்சிடுவேன்... எனக்கும் உங்களைப் பார்த்தாப் போதும்."