ஞானாபரணத்தின் ஊட்டுக்காரி

பக்கத்து லேத்துப் பட்டறையில் மோட்டார் நின்றதும் ஞானாபரணம் நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரி எத்தன மணிக்கு வருவாளுங்க?"

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கிருபாவதியின் கை அப்படியே நின்றது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். கிருபா, புள்ள, கோபம் வந்தால் வெறும் 'ஏய்'. ஒருநாளும் அவளை 'ங்க' போட்டு அழைத்தவரில்லை.

"நாந்தானுங்க கிருபா," என்றாள் சிரித்தபடி.

அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தை, சேலையை, பாதத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் அவளாட்டவே இருக்குதுங்க. ஆனா அவ இல்லீங்க."

கோயமுத்தூரில் நரம்பு டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண் முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. இவள் நம்முடையவள் என்கிற உணர்வு மட்டும் மூளைக்குள் வந்து சேருவதில்லை. பொழுது சாயும்போது அதிகமாகும். கிளம்பும்போது கிருபாவதியின் கண்ணுக்கடியிலிருந்த கருவளையத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் தூங்கணும்மா. தூக்கமில்லாத மூளையும் இல்லாததக் காட்டும்," என்றார்.

எங்கே தூங்குவது? பெரியநாயக்கன்பாளையத்தின் அந்தச் சிறிய வீட்டில் பகலெல்லாம் பழைய ஞானாபரணம்தான் இருந்தார். பவுண்டரியில் வார்ப்பு ஊற்றிய கதைகளைச் சொன்னார், ஜெபத்தில் அவளோடு மண்டியிட்டார். வெயில் சுவரை விட்டு இறங்கி, காற்றில் பவுண்டரிகளின் கருகிய மணல் வாடை வர ஆரம்பித்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அந்த இன்னொருவர் எழுந்து வந்தார். அவள் முதலில் ஒரு வாய் தின்று காட்டாமல் சோற்றைத் தொடமாட்டார். அவள் கண்ணயர்ந்து விழித்தால் கட்டிலருகே நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். குரல் மட்டும் மாறாத மரியாதையோடு இருக்கும்.

"அவள என்ன பண்ணிப்போட்டீங்க?"

பெங்களூரிலிருந்து மகள் கெசியா போனில் அழுதாள். "அம்மா, அப்பாவ ஹோம்ல சேத்துரலாம்மா."

"நான் இருக்கறப்ப எதுக்கு கண்ணு?"

எட்டு மாதம் போயிற்று. கிருபாவதிக்குக் கரண்டி என்ற சொல் ஒருநாள் முழுக்க நினைவுக்கு வரவில்லை. பால் பாத்திரம் இரண்டு முறை தீய்ந்தது. பீரோக் கண்ணாடியில் தெரிந்த கிழவியை யாரென்று புரிந்துகொள்ள ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. பட்டறைக்கு லீவு. வெளிச்சம் மங்கியும் ஞானாபரணம் அமைதியாக இருந்தார். தானே முகச்சவரம் செய்து, பவுடர் போட்டிருந்தார்.

"டப்பால அரிசி இல்லீங்க. கொஞ்சம் எடுத்தாறீங்களா?"

அந்தத் தணிந்த குரலே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பின்பக்கச் சாமான் அறைக்குப் போய் அரிசி டிரம்முக்குள் குனிந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு மெதுவாக, சத்தம் வராமல், சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. வெளியிலிருந்த சுவிட்சை அவர் அணைத்தார்.

"ஏனுங்க! தொறங்க!"

ஜன்னலில்லாத அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலில் அவள் கத்தல் அவளுக்கே கேட்கவில்லை. போன் சாப்பாட்டு மேசைமேல். கை வீங்கும்வரை தட்டினாள். சாக்கு நாற்றமும் எலிப்புழுக்கை நாற்றமும் நெஞ்சை அடைத்தன. கதவின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெளிச்சக் கோடு. அதையே பார்த்தபடி தரையில் படுத்தாள்.

மழை விட்டது.

கேட் திறக்கும் ஓசை. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

"கிருபா! வந்துட்டியா!" ஞானாபரணம் குழந்தையைப்போல விம்மினார். "எத்தன நாளாச்சு புள்ள!"

"வந்துட்டனுங்க. அழுவாதீங்க."

கிருபாவதி தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். அது அவள் குரல். முப்பது வருஷம் டீச்சராக வகுப்பில் கத்திக் கரகரத்துப்போன அதே குரல்.

தூக்கமில்லாத மூளை. அவ்வளவுதான். அவ்வளவேதான். தன் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். வலித்தது.

"உள்ள ஒருத்திய அடைச்சு வெச்சிருக்கறேன். உன்னாட்டவே இருக்கறா."

"தெரியுமுங்க. நீங்க போய் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

காலடிகள் வந்தன. வெளிச்சக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல். நின்றன.

"கெசியா..." என்றாள் கிருபாவதி. எதற்கென்று தெரியவில்லை. அந்தப் பெயர் மட்டும்தான் வாயில் வந்தது.

வெளியே யாரோ மண்டியிட்டார்கள். ஈரத்துணி ஒன்று கதவடியில் நுழைந்தது. ஒரு கை அதைக் கதவின் ஒரு ஓரத்திலிருந்து இடுக்கில் திணித்துக்கொண்டே வந்தது. அவசரமில்லாமல். வீட்டு வேலையைச் செய்வதுபோல. வெளிச்சம் அங்குலம் அங்குலமாகச் செத்தது. கடைசித் துண்டு வெளிச்சத்தில் வலது ஆட்காட்டி விரல் தெரிந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்துச் சுருங்கிய தோல். கிருபாவதியின் தழும்பு.

இருட்டு.

கிருபாவதி தன் வலது ஆட்காட்டி விரலைத் தடவினாள். மறுபடியும் தடவினாள். பல்லில் வைத்து உரசிப் பார்த்தாள்.

வழவழவென்று இருந்தது.