கதவுக்குள் கழுகு

ஒரு தேசத்துக்குக் கொடி எப்படியோ, கீதம் எப்படியோ... அப்படித்தான் கழுகு காரின் கதவுச் சத்தம்!

'டொப்!'

கனமான, கௌரவமான ஒரே ஒரு 'டொப்'. அதைக் கேட்டுவிட்டுப் பெண் கொடுத்த குடும்பங்கள் உண்டு.

கம்பெனி வெளிநாட்டுக்காரர்கள் கைக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

இப்போது கதவைச் சாத்தினால் 'டிங்' என்கிறது. பிஸ்கட் டின் மாதிரி.

சிறகு விரித்த வெண்கலக் கழுகையும் பிடுங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. இதை யோசிக்க வெளிநாட்டில் ஒரு குழுவே உட்கார்ந்ததாம்!

இத்தனை எரிச்சலிலும் செக்யூரிட்டி ஆபீசருக்குப் புது முதலாளிகள் மேல் ஒரே ஒரு மரியாதை இருந்தது. அவர்கள் வந்த பிறகு தீயணைப்பு வாளி மணல் திருடு போவதில்லை. அதற்கு முன் வாரத்துக்கு நாலு வாளியாவது காலியாகும். போலீஸில் பாதி ஆயுளைக் கழித்தவர், அந்தத் திருடனின் நிழலைக்கூடப் பார்த்ததில்லை.

அன்று காலையும் வாளிகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் விளிம்பு வரை மணல்!

டெலிபோன் அலறியது.

"சார்...! ஹாலுக்கு ஓடி வாங்க! டைரக்டர் செத்துட்டார்!"

வெளிநாட்டு டைரக்டரின் செக்ரட்டரி. அவருடைய மொழி தெரிந்த ஒரே பெண்.

"எந்த டைரக்டர்மா?"

"இருக்கறதே ஒருத்தர்தான் சார்! மத்தவங்களைத்தான் போன மாசமே வீட்டுக்கு அனுப்பியாச்சே!"

தொப்பை அனுமதித்த வேகத்தில் ஓடினார்.

மேடை. கண்ணைக் குத்தும் விளக்குகள். பத்திரிகைக்காரர்களுக்காகப் போட்ட காலி நாற்காலிகள். நடுவில் இன்று அறிமுகமாக வேண்டிய புத்தம் புதிய கார்...

டிரைவர் சீட்டில் டைரக்டர்! ஸ்டியரிங்கில் நெற்றி. முகம் பீட்ரூட்!

ஆபீசர் கதவை இழுத்தார். அசையவில்லை. மறுபக்கம் ஓடி இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது!

"அது சும்மா ஒட்டி வெச்சது சார். இது மேடைக்குன்னு செஞ்ச மாடல். டிரைவர் கதவு ஒண்ணுதான் திறக்கும்."

"கண்ணாடியை இறக்குமா!"

"பேட்டரியே வைக்கலை சார்."

"அப்ப உடைச்சிடறேன்!"

"ஐயையோ! ஒரே ஒரு கார்தான் சார் இருக்கு! இன்னும் ஒரு மணி நேரத்துல நிருபருங்க வந்துடுவாங்க!"

"உள்ள ஒரு மனுஷன் கிடக்கறாம்மா!"

அந்த மனுஷன் லேசாக முனகினான்.

உயிர் இருக்கிறது!

"விளக்குச் சூட்டுல மயங்கியிருக்கார்" என்றார் ஆபீசர். "முதல்ல லைட்டையெல்லாம் அணை. கதவு செக்‌ஷன்லேர்ந்து என் மாப்பிள்ளையை வரச் சொல்லு."

செக்ரட்டரியின் முகம் மாறியது.

"அவரா? சார்... இதைப் பண்ணினதே அவர்தான்!"

"என்னம்மா உளர்றே?"

"நேத்து டைரக்டர் அவர்கிட்ட கதவு பத்தி ஒண்ணு கேக்கப் போனார். உங்க மாப்பிள்ளை காச் மூச்சுனு கத்தினார். 'இந்தத் தகரத்துக்குள்ளயே உன்னை வெச்சுப் பூட்டறேன் பாரு'ன்னார்! நான்தான் மொழிபெயர்த்தேன்."

"அதைப் போயா மொழிபெயர்ப்பே?"

"என் வேலை அதுதானே சார்? அவர் சொன்ன கெட்ட வார்த்தைக்கு மட்டும் அங்க வார்த்தை இல்லை. விட்டுட்டேன்."

ஆபீசர் விரலை மடக்கி நாள் எண்ணினார். மகளுக்கு இதுதான் பேறு மாதம். குழந்தையின் முகத்தைக் கம்பிக்குப் பின்னாலிருந்தா பார்க்கப் போகிறான் இந்தப் பாவி?

பாவி வந்தார். கையில் ஒரு மெல்லிய இரும்புப் பட்டை.

"நகருங்க மாமா."

கண்ணாடி இடுக்கில் பட்டையை இறக்கினார். துழாவினார். நெற்றி சுருங்கியது.

"கதவுக்குள்ள என்னமோ அடைச்சிருக்கு. லாக்ல சிக்கிக்கிச்சு."

ஒரு திருகு... ஒரு உதை...

கதவு திறந்தது! கூடவே உள்பக்கத் தட்டு பிய்த்துக்கொண்டு விழுந்தது. அதன் பின்னாலிருந்து கலகலவென்று மேடையெங்கும் கொட்டின...

கழுகுகள்!

சிறகு விரித்த பழைய வெண்கலக் கழுகுகள்!

"பாத்தீங்களா சார்!" செக்ரட்டரி கத்தினாள். "எடைக்குப் போடக் கூடாதுன்னு சண்டை போட்டு இதையெல்லாம் பெட்டி கட்டி வெச்சிருந்தது யாரு? இவர்தானே! போலீஸுக்கு ஃபோன் பண்றேன்!"

டைரக்டரைத் தரையில் கிடத்திய ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை... கோவம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக இப்படியா?"

"மாமா! நீங்களுமா?" மாப்பிள்ளை விழுந்த தட்டைத் தூக்கிக் காட்டினார். "இதைப் பாருங்க! ஆறு கிளிப் போடற இடத்துல ரெண்டுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு தலைகீழா! கொலைகாரன்னு சொல்லுங்க, பொறுத்துக்கறேன். இந்த வேலையை நான் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதீங்க... மானம் போயிடும்!"

மிச்சம் நாலு கிளிப்!

அவை எங்கே...?

டைரக்டருக்குக் காற்றுப் பட அவர் கோட்டைத் தளர்த்திய ஆபீசரின் கை நின்றது. பையில் ஏதோ குலுங்கியது.

எடுத்தார்.

நாலு கிளிப். ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

டைரக்டர் கண்ணைத் திறந்தார். மூச்சு விடாமல் ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றார்?"

"தண்ணி கேக்கறார்."

"இவ்வளவு நேரமாவா?"

"மரியாதையா கேக்கறார் சார்."

தண்ணீர் தொண்டையில் இறங்கும் வரை ஆபீசர் காத்திருந்தார். பிறகு கிளிப்புகளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

டைரக்டரின் முகத்தில் போன சிவப்பு திரும்பி வந்தது. இந்தத் தடவை சூட்டினால் அல்ல! மெல்லிய குரலில் பேசினார். செக்ரட்டரி வாயைப் பிளந்தபடி மொழிபெயர்த்தாள்.

"நிருபருங்க வந்ததும் முதல்ல கதவைத்தான் சாத்திப் பாப்பாங்களாம்... 'டிங்'னு கேட்டா நாளைக்கே சிரிப்பாச் சிரிச்சுடும்னு... காலையில தனியா வந்து, கனத்துக்கு இதுங்களைப் போட்டு மூடியிருக்கார். சத்தத்தைப் பதிவு பண்ண செல்ஃபோனை வெளியில வெச்சுட்டு, உள்ள உக்காந்து சாத்தியிருக்கார்..."

"அப்புறம்?"

"சத்தம் பிரமாதமா வந்துச்சாம். கதவுதான் திறக்கலையாம்."

மேடை விளிம்பில் செல்ஃபோன் கிடந்தது. தட்டினார்கள். ஒரு 'டொப்'. அதைத் தொடர்ந்து நீண்ட நேரம் அந்நிய மொழியில் கூச்சல்.

"அதையும் மொழிபெயர்க்கணுமா சார்?"

"வேண்டாம்மா."

ஆபீசர் பழைய போலீஸ் தொனிக்குப் போனார். "இவர்கிட்ட சொல்லு. என் மாப்பிள்ளை மேல இனி ஒரு பேச்சு வந்துச்சு... இந்த செல்ஃபோன் நேரா நிருபருங்க கைக்குப் போகும்!"

டைரக்டர் வேகவேகமாகத் தலையாட்டினார். கூடவே இரண்டு கைகளையும் கூப்பி மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டார்.

"நிருபருங்க வர்றதுக்குள்ள கதவைச் சரி பண்ணித் தரச் சொல்றார். நேத்துக் கேட்டதையே திரும்பக் கேக்கறார்... பழைய கதவுல அந்த 'டொப்' எப்படி வந்துச்சுன்னு."

"சொல்லாதீங்க மாப்பிள்ளை!" ஆபீசரின் நெஞ்சு நிமிர்ந்தது. "கழுகைப் பிடுங்கினாங்க, இரும்பைத் தகரமாக்கினாங்க... அது மட்டுமாவது நம்மகிட்ட இருக்கட்டும்! அந்த டொப் நம்ம உழைப்பு! நம்ம நேர்மை! சொன்னாலும் இவங்களுக்கு விளங்காது!"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார்.

"மாமா..."

"என்ன?"

"மேடை முழுக்க கழுகு கிடக்கு. நிருபருங்க காலுல குத்திடும். பொறுக்கறீங்களா?"

"பொறுக்கறேன். நீங்க கதவைப் பாருங்க."

மாப்பிள்ளை சுவர் ஓரமாக நடந்தார். வரிசையாகத் தொங்கிய சிவப்பு வாளிகளில் ஒன்றை, தினமும் செய்கிற வேலைபோல் லாகவமாகக் கழற்றினார். பையிலிருந்து ஒரு துணிப்பையை உதறி விரித்து, வாளியைக் கவிழ்த்தார். வாயை முடிந்து கதவுக்குள் சொருகினார். தட்டைப் பொருத்தி, ஆறு கிளிப்பையும் அடித்தார்.

சாத்தினார்.

'டொப்!'

கனமான, கௌரவமான 'டொப்'.

கை நிறையக் கழுகுகளோடு நின்ற ஆபீசர் காலி வாளியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி வாளியைப் பார்த்தார்.

"எல்லாக் கதவுலயுமா...?"

"ஸ்டோர்ல மணல் தீர்ந்து போற நாள்ல மட்டும்தான் மாமா உங்க வாளி."

மணல் திருடனுக்குத்தான் அவர் பெண்ணைக் கொடுத்திருந்தார்.