தண்ணி மெஷின்

தொட்டியில் தண்ணீர் மறுபடியும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. ஜெனிற்றா மேசையைத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. குனிந்து சிமெந்துத் தரையைத் தடவினாள். கண்ணாடிப் பெட்டியின் அடியில் விரலை விட்டு இழுத்தாள். தூசிதான் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மெஷினுக்குள் சுற்றும் தண்ணீர் வெளியே வர வழியில்லை, வரவுமில்லை. ஆனாலும் குறைந்துகொண்டிருந்தது.

செம்பை எடுத்தாள். மலையிலிருந்து பைப்பில் கொட்டும் பீலித் தண்ணீரைத் தொட்டியின் வாயில் மெல்ல ஊற்றி மூடியைத் திருகினாள். இது பயப்பட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் மட்டும் கிட்ட வரவில்லை. பக்கத்துக் காம்பராவில் யாரோ வைத்த ரேடியோ மாதிரி தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் ரெஜினோல்ட் த்ரீவீல் ஓட்டுகிறவன். இழுத்து மூடிய ஒரு கொழும்புக் கடையிலிருந்து இரண்டு கேம் கம்ப்யூட்டர்களை மலிவாக வாங்கி வந்து, தோட்டத் தொழிலாளர் லய வரிசையில் தங்கள் காம்பராவின் முன்பக்கத்தில் போட்டிருந்தான். மணிக்கு இவ்வளவு என்று பையன்கள் வந்து விளையாடுவார்கள். இரண்டும் கடையிலேயே பொருத்திப் பூட்டி வந்தவை. ஒன்று காற்றில் சூடாறுவது. பெரிய ஃபேன்கள் தகட்டு அடுக்கின்மேல் ஊதிக்கொண்டே இருக்கும். மற்றது தண்ணீரில் சூடாறுவது. கண்ணாடிக் குழாய்களில் நீலத் தண்ணீர் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், ஆறித் திரும்பும். தோட்டத்து ரோட்டில் த்ரீவீல் குலுங்கிய குலுக்கலில் அதில் கொஞ்சம் கசிந்துவிட்டது.

"காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்கி ஊத்துங்க நானா," என்று இரத்தினபுரிக் கடை ஷிராஸ் ஃபோனில் சொன்னான்.

"மலையில சும்மா கொட்டுற தண்ணிய விட்டுட்டு போத்தல் தண்ணி வாங்கவா? நல்ல கதையா இருக்கே," என்று ரெஜினோல்ட் சிரித்தான். அன்றைக்கே பீலியில் பிடித்து நிரப்பினான். அதற்குப் பிறகு நீலம் நாளுக்கு நாள் வெளுத்தது.

பின்னேரங்களில் பையன்கள் வருவார்கள். ரப்பர்பால் நாற்றமும் நனைந்த சாக்கு வாடையும் அவர்களோடு உள்ளே வரும்.

"காத்து மெஷின் எனக்கு வேணாம்டா, பெக்டரி மாதிரி கத்துது."

"கத்துனாலும் அதுதான்டா சேஃப். தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள்ள. ஒருநாள் ஒன் மூஞ்சியிலேயே வெடிக்கும்."

"அவன் மூஞ்சி வெடிச்சா யாருக்குடா வித்தியாசம் தெரியப்போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள். தண்ணி மெஷினில் உட்கார்ந்திருந்த இந்திரகுமார் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினான். "அக்கா, இது தண்ணி குடிக்குது, கேட்டீங்களா? மடக் மடக்னு. நம்ம கங்காணி தோத்துருவாரு."

ஜெனிற்றா சிரிக்கவில்லை. அவள் அதைக் கேட்டு நாளாகியிருந்தது. மூன்று மடக்கு. ஒரு பெருமூச்சு. மறுபடியும் மூன்று மடக்கு. பம்பில் காற்று புகுந்தால் அப்படித்தான் கேட்கும் என்று ஷிராஸ் சொல்லியிருந்தான். பம்புக்குக் கணக்குத் தெரியுமா என்று அவள் அவனிடம் கேட்கவில்லை.

அவள் மகள் ஷாமிளா அப்படித்தான் குடிப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீலியில் வாயை வைத்து, மூன்று மடக்கு, ஒரு பெருமூச்சு.

மேல் லயத்தில் பீடிக்கார இராமசாமித் தாத்தா வீட்டில் டீவி பார்க்கப் போன பிள்ளை. சில வருஷத்துக்கு முந்திய அந்த மழையில் மலை இறங்கி வந்தபோது இடி மாதிரிக்கூடக் கேட்கவில்லை. லொறியில் கல் கொட்டுகிற சத்தம்தான். சிலரை எடுத்தார்கள். தாத்தா, அவர் பெண்சாதி இலட்சுமி, பக்கத்துக் காம்பராக்காரர்கள், ஷாமிளா, யாரையும் எடுக்க முடியவில்லை. பெக்கோ மெஷின் தோண்டத் தோண்ட மண் சரிந்தது. கடைசியில் நிறுத்திவிட்டார்கள். பாதர் வந்து மண்ணை மந்திரித்தார். கோயில்காரர்கள் விளக்கு வைத்தார்கள். எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

பழைய ஊற்று வற்றிப்போய், சரிந்த மண்ணின் அடியிலிருந்து புதிதாக ஒன்று கிளம்பியது. நல்ல தண்ணீர், கோடையிலும் ஐஸ் மாதிரி. பைப் போட்டுப் பீலியாக்கினார்கள். கீழ் லயம் முழுதும் அதில்தான் சோறாக்கியது, தேயிலை போட்டது, குளித்தது. அது எங்கே ஊறி வருகிறது என்று ஒருவரும் பேசியதில்லை. அவளும்தான்.

வெள்ளிக்கிழமை தலைவலியில் படுத்துவிட்டாள். தண்ணீர் ஊற்றவில்லை. பொழுது சாய்கிற நேரம் முன்பக்கத்திலிருந்து வறண்ட உறிஞ்சல் ஒன்று கேட்டது, வெறும் டம்ளரை உறிஞ்சுகிற மாதிரி. பிறகு இருமல். தொண்டைக்குள் மண் அடைத்த இருமல்.

அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ரெஜினோல்ட் வந்ததும், "அந்தத் தண்ணிய எடுத்துருங்க. அதையும் காத்து மெஷினா மாத்திருங்க," என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் ஏன் என்று கேட்பது நின்று வருஷங்களாகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஷிராஸ் வந்தான். குழாய்களைக் கழற்றித் தண்ணீரை ஒரு பேசினில் வடித்தான். சூட்டை வாங்குகிற செம்புக் கட்டியைப் பிரித்தவன் முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா இது? உள்ளுக்கு முழுக்க செம்மண். இப்பிடி வச்சி பாவிக்க ஏலாது."

"பீலித் தண்ணி தம்பி."

"பீலித் தண்ணிக்கும் இவ்வளவு மண் வராதே." அவன் துடைத்தான். துடைக்கத் துடைக்கத் துணி சிவந்தது. கடைசியில் தகட்டு அடுக்கையும் ஃபேனையும் பூட்டி, கண்ணாடிக் கதவை மூடி, ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான். ஃபேன் ஊதியது. "இனிப் பயமில்ல. தண்ணிக் கரச்சலே இல்ல. பேசின்ல உள்ளத வெளிய ஊத்திருங்க."

ரெஜினோல்ட் அவனை இரத்தினபுரி பஸ்ஸுக்கு ஏற்றிவிடப் போனான். த்ரீவீல் சத்தம் வளைவில் தேய்ந்ததும் மழை பிடித்தது. தகரக் கூரையில் அடர்ந்து விழுந்த மழையில், பின்னேரம் நாலு மணிக்கே ரப்பர் மரங்களுக்கு அடியில் இருட்டிக்கொண்டு வந்தது.

ஜெனிற்றா பேசினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். முற்றத்துச் செம்மண் வாயைத் திறந்து கிடந்தது. சரித்தால் போதும். ஒரு நொடி வேலை.

சரிக்கக் கை வரவில்லை. மறுபடியும் மண்ணுக்குள்ளேயா?

உள்ளே கொண்டு வந்து மேசைக்கு அடியில் வைத்தாள். வைத்த கையோடு கரண்ட் போனது.

இரண்டு மெஷின்களின் ஃபேன்களும் சுழன்று தளர்ந்து நின்றன. கண்ணாடிக்குள் எரிந்த வர்ண விளக்குகள் அணைந்தன. அவள் மெழுகுதிரி தேடி உள்காம்பராவுக்குப் போனாள். அலமாரியில் கை வைத்தபோது கேட்டது.

மடக். மடக். மடக்.

பெருமூச்சு.

பம்ப் இல்லை. கரண்ட் இல்லை. தண்ணீர்கூட அதற்குள் இல்லை.

மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். பேசின் வெறுமையாக இருந்தது. தரை காய்ந்திருந்தது. பேசினின் அடியில் செம்மண் மட்டும், காப்பி மண்டி மாதிரி.

தண்ணி மெஷினின் கண்ணாடியில், உட்பக்கமாக, ஒரு வட்டம் பூத்திருந்தது. மூச்சுப் பட்ட ஆவி. அது சுருங்கியது. விரிந்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளை குந்தியிருந்தால் வாய் வருகிற உயரம்.

"ஷாமி?"

வட்டம் விரிந்தது.

இத்தனை வருஷமாக வராத அழுகை அப்போதும் வரவில்லை. கால் மட்டும் ஓடியது. மழையில் பீலிக்கு ஓடினாள். குடம் நிறையப் பிடித்துக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் வைத்தாள். "குடி தங்கம். அம்மா இருக்கேன். குடி."

மடக். மடக். மடக்.

குடத்தில் தண்ணீர் இறங்கியது. அவள் பார்க்கப் பார்க்க இறங்கியது. பாதிக்கு வந்தது. நிற்கவில்லை. ஒரு பிள்ளை அவ்வளவு குடிக்காது.

கண்ணாடியில் இன்னொரு வட்டம் பூத்தது. கொஞ்சம் மேலே. அகலமாக.

இருமல் கேட்டது. பிள்ளை இருமல் இல்லை. பீடிக்காரர் இருமல். ஒரு காலத்தில் விடிய முன்னம் மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரைக்கும் கேட்ட இருமல்.

மூன்றாவது வட்டம். நான்காவது. பக்கத்துக் காத்து மெஷினின் கண்ணாடியிலும். இருண்டு கிடந்த திரைகளிலும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி. வேறுவேறு வேகத்தில் சுருங்கி, விரிந்து.

குடம் காலி.

சத்தம் நின்றது. மூச்சு நிற்கவில்லை. கண்ணாடி முழுக்க வாய்கள் காத்திருந்தன.

மெழுகுதிரியை ஒவ்வொன்றின் பக்கமாகக் கொண்டுபோனாள். மேலே. கீழே. ஓரத்தில். எல்லா வட்டத்தின் நடுவிலும் செம்மண் படிந்த இரண்டு உதடுகள்.

எது தன் பிள்ளையுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.