அடி நட்டு

காருக்கடியில் வைத்த தட்டில் சொட்டியிருந்த எண்ணெய் சூடாக இருந்தது. கொதிக்கிற சூடு இல்லை. கறந்த பாலின் சூடு. ராஜவேலு இரண்டாம் முறையும் விரலை வைத்துப் பார்த்தான். வண்டியைக் கிளப்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. என்ஜின் மூடி கிணற்றுக்கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தது.

கியர் பாக்ஸின் அடியில், பழைய எண்ணெயை வடிப்பதற்கென்று இருக்கும் பெரிய நட்டு, இன்றைக்கும் தளர்ந்திருந்தது. நேற்று மாலை பல்லைக் கடித்துக்கொண்டு அதை முடுக்கியவன் அவன்தான். அதற்கு முந்தின நாளும் அவன்தான். ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டியில் நட்டு தானாகத் தளராது. ஒரு கை தளர்த்த வேண்டும்.

அது யாருடைய கை என்பதிலும் அவனுக்குச் சந்தேகம் இல்லை. மனைவி சுலோச்சனாவின் தம்பி இளங்கோவன், ஆர்.கே.பேட்டையில் லாரி ஓட்டுகிறவன், ஆடிக் கிருத்திகைக்கென்று அக்காள் வீட்டுக்கு வந்து ஷெட்டை ஒட்டிய அறையில்தான் படுக்கிறான். மாமனார் சாகும்போது இந்தப் பழைய கறுப்புக் காரை மகனுக்குத் தராமல் மருமகனுக்குத் தந்துவிட்டுப் போனார். கிருத்திகை கழிந்ததும் ராஜவேலு இதில் திருப்பதிக்குப் போவதாக இருந்தான். எண்ணெய் வடிந்துபோன கியர் பாக்ஸ் மலைப்பாதை வளைவில் இறுகிக்கொண்டால் ஓட்டுகிறவன் கதி என்ன என்று ஒரு லாரி டிரைவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுலோச்சனா பூக்காவடியோடு மலையேறிவிட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாள் முழுதும் தடதடக்கும் விசைத்தறிகளைப் பண்டிகைக்காக நிறுத்தியிருந்ததால், தெருவில் அதுவரை யாரும் கேட்டிராத சின்னச் சின்னச் சத்தங்களெல்லாம், தகரக் கூரை சுருங்குவதும், எங்கோ ஒரு வாளியில் தண்ணீர் சொட்டுவதும், மலையிலிருந்து அரோகரா அலையலையாக இறங்கி வருவதும், ஷெட்டுக்குள் வந்து கியர் எண்ணெயின் அழுகின முட்டை வாடையோடு கலந்து நின்றன.

ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, தடித்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு, ராஜவேலு கைவிளக்கோடு கீழே நுழைந்தான். முட்டுகளை அவனே வைத்தான். உதவுகிறேன் என்று வந்து நின்ற மைத்துனனை அவற்றின் பக்கம் விடவில்லை. சாக்கின் மேல் மல்லாந்து படுத்த பிறகு வெளியுலகம் என்று மிஞ்சியது இளங்கோவனின் வெடித்த குதிகால்கள் மட்டும். ஸ்பேனரைக் கேட்டால் ஒரு கை தாழ்ந்து வந்து கொடுத்தது. எண்ணெயை முழுக்க வடித்தான். நசுங்கிய செம்பு வாஷரை எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டான். நட்டை இறுக்கினான்.

குதிகால்கள் ஜாக்கியை நோக்கி நகர்ந்தன.

"அங்க என்னா வேல உனக்கு?"

"இன்னொரு கட்ட வெக்கறேன் பாவா. உங்க கட்ட உங்கள மாதிரியே, பாக்கத்தான் கெட்டி."

ராஜவேலு சிரிக்கவில்லை. நட்டைத் தளர்த்தியது யார் என்று கேட்டான். இளங்கோவன் குந்தி உட்கார்ந்தான். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் தாழ்ந்து வந்தது.

"நேத்து ராத்திரி நான் இங்கியேதான் குந்திகினு இருந்தேன் பாவா. வண்டிகிட்ட யாரும் வரல. ஆனா நட்டு திரும்பற சத்தம் கேட்டுது. வேல போதும், வெளிய வாங்க."

"அப்ப ராத்திரி நீ இங்கதான் இருந்திருக்க."

"ஆங். காவலுக்கு."

காவலாம். இந்த இரும்பு முழுக்கத் தன் நெஞ்சுக்கு மேல் நிற்க, அதைத் தாங்கும் கட்டைக்கு ஒரு முழத் தூரத்தில் அந்தக் கை. ராஜவேலு இளங்கோவனை மலைக்குப் போகச் சொன்னான். அவன் தயங்கினான். நீங்கள் வெளியே வந்தால் போகிறேன் என்றான். ராஜவேலு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். குதிகால்கள் திரும்பி நடந்தன. வெளிக்கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.

இனி பயமில்லை.

பக்கவாட்டு ஓட்டையைத் திறந்து புது எண்ணெயை ஏற்றினான். மிச்சமிருந்தது அளவு பார்ப்பது. அதற்குக் கருவி எதுவும் கிடையாது. அந்த ஓட்டையில் விரலை விட்டு, நுனி நனைந்தால் போதும்.

விட்டான். நனைந்தது. இப்போதுதான் டப்பாவிலிருந்து எடுத்த எண்ணெய்.

சூடாக இருந்தது.

நுனியில் பல்சக்கரம் இடித்தது. வழுவழுப்பாக இருந்தது. விரலை இழுக்கப் போனான்.

பல்சக்கரம் மடங்கியது.

இறுக்கமாக இல்லை. கைக்குழந்தை விரலைப் பற்றுவதுபோல. ஆனால் விடவில்லை.

"இளங்கோவா," என்றான்.

குரல் அடித்தகட்டில் மோதி அவன் முகத்திலேயே விழுந்தது. மலையில் அரோகரா. தெருவில் ஒருவரும் இல்லை.

முகத்துக்கு நேர் மேலே, நட்டு அசைந்தது.

ஸ்பேனர் அவன் இடுப்போரம் கிடந்தது. நட்டின் மேல் எந்தக் கையும் இல்லை. கால் சுற்று. நின்றது. மறுபடி கால் சுற்று. நெற்றியில் ஒரு சொட்டு. உதட்டில் ஒரு சொட்டு. அவன் இழுத்தான். பிடி சற்றே இறுகியது.

நட்டு கழன்று மார்பில் விழுந்தது.

எண்ணெய் கொட்டவில்லை. ஓட்டையை உள்ளிருந்து எதுவோ அடைத்திருந்தது. கைவிளக்கில் அது கறுப்பாகப் பளபளத்தது. பிறகு மெல்ல நீண்டு, கணுக்கணுவாக வளைந்து, ஓட்டையின் விளிம்பை ஒருமுறை சுற்றித் தடவிவிட்டு, அவன் முகத்தைத் தேடிக் கீழே இறங்கியது.