நிறைவானவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு

காலையில் ஆலை வாசலில் எல்லோரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். கதவில் பொருத்திய மனமானிக் கருவி முகத்தையும் குரலையும் நாடியையும் படித்து நிறைவெண் போடும். பச்சை எரிந்தால்தான் கதவு திறக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அது. தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள ஊர்களெல்லாம் அதைத்தான் குடித்தன.

வேலையில் மனம் நிறையாதவர்களும் எரிச்சல் சுபாவக்காரர்களும் என்றைக்காவது நிறுவனத்துக்கு ஊறு செய்வார்கள் என்று ஏதோ ஆய்வு சொன்னதாம். அதைச் சட்டமாக்கியவர்களுக்கு மனிதர்களைத் தெரியாது. வரைபடங்களை மட்டும் தெரியும்.

தண்ணீரைப் பரிசோதிக்கும் அமலிக்கு அன்று சிவப்பு எரிந்தது. மேலாளர் சேர்மராஜ் இளித்தபடி வந்தார். ஆலையிலேயே அதிக நிறைவெண் அவருக்குத்தான். வரவேற்பறையில் அவர் படமே மாட்டியிருந்தார்கள்.

"என்ன அமலி, இன்னைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு வந்திருக்க?"

"சார், வடிகட்டி கிழிஞ்சிருக்கு. கழுவுற ரசாயனம் குடிதண்ணியில கலக்குது. எத்தன தடவ சொல்லுதேன்!"

"நீ சொல்லச் சொல்லத்தான் உன் எண்ணு எறங்குது. பக்கத்துல நிக்கவனுக்கும் எறங்குது. வீட்டுக்குப் போ."

வரிசையில் நின்றவர்கள் காதில் விழாததுபோல் சிரித்தார்கள். கவலைப்பட்டால் வேலை போய்விடும். அதனால் யாருமே கவலைப்படுவதில்லை.

அமலி வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு செல்வராணி, வாந்தியில் துவண்டுபோன மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தெருவில் அப்படி இன்னும் பல பிள்ளைகள்.

சாயங்காலம் அமலி சேர்மராஜின் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் கேன் தண்ணீர் அடுக்கியிருந்தது. அவர் மனைவி ஒரு டம்ளர் மோந்து கொடுத்தாள்.

"குடிம்மா. நல்ல தண்ணிதான். குழாத் தண்ணி வேண்டாம்னு அவுக அப்பவே சொல்லிட்டாக."

அதுவரை அமலி அவரை முட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்!"

"தெரியும்லா," என்றார் சேர்மராஜ், முறுக்கைக் கடித்தபடி. "வடிகட்டிய மாத்தணும்னா ஆலைய நிறுத்தணும். மேலிடம் கேள்வி கேக்கும். எதுக்கு?"

"உறுத்தலையா சார்?"

"உறுத்துனா பச்ச எரியுமா?"

அவரைத் திட்டக்கூட அமலிக்குத் தோன்றவில்லை. செருப்பில் ஒட்டிய எதையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வெளியேறினாள்.

ஆலையின் கடற்கரைப் பக்கம் வெறும் கம்பிவேலிதான். அதன் வழியே நுழைந்து, ஊர்களுக்குப் போகும் பெரிய குழாயின் வால்வை மூடினாள். யாரும் திறந்துவிடாதபடி அதன் சக்கரத்தைக் கடப்பாரையால் அடித்து உடைத்தாள். ஓடிவந்த காவலாளிகளிடம் தானே கையை நீட்டினாள்.

குழாய்கள் வறண்டன. வால்வைச் சரிசெய்யும் சாக்கில் வடிகட்டியையும் சத்தமில்லாமல் மாற்றினார்கள். ரசாயனத்தைக் கலந்தவளும் அமலிதான் என்று வழக்கு எழுதினார்கள். சேர்மராஜுக்குப் பதவி உயர்வு வந்தது. அவளை முன்பே அடையாளம் காட்டிவிட்டதாக மனமானி நிறுவனம் விளம்பரம் செய்து, பள்ளிக்கூடங்களுக்கும் கருவி விற்றது.

நீதிமன்ற வாசலில் செல்வராணி அமலியை மறித்தாள்.

"பாவி! எம்புள்ளைக்கு நீதான வெசம் வச்ச?"

அமலி பதில் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் சேலையைப் பிடித்தபடி அந்தப் பிள்ளை தன் காலில் நின்றுகொண்டிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது. அமலி திரும்பிப் போலீஸ் வண்டியில் ஏறினாள்.